ஐம்பது என்று எழுதிய கல்

பள்ளிக்கூடத்தில் பட்டப்பெயர் வாங்காத டீச்சர் உண்டா? கணக்கு டீச்சருக்கு 'கால்குலேட்டர்', வரலாற்று டீச்சருக்குப் 'பழைய பேப்பர்'. இயற்பியல் டீச்சருக்குக் கிடைத்தது 'இழுத்துப்பார்'. எதைக் கேட்டாலும் அவள் சொல்லும் பதில் அது ஒன்றுதான். "டீச்சர், இந்த நூல் தாங்குமா?" "இழுத்துப் பாரு." "டீச்சர், பசை காஞ்சிருக்குமா?" "இழுத்துப் பாரு." ஒருத்தி ஒரு தடவை, "ரெண்டு மார்க் கூடப் போடலாமே டீச்சர்" என்று குழைந்ததற்கும் பழக்க தோஷத்தில் அதையே சொல்லிவிட்டாள். வகுப்பு சிரித்த சிரிப்பில் அவளும் சேர்ந்துகொண்டாள்.

வெள்ளிக்கிழமை பிற்பகலில் அவளுக்கு இரண்டு பாடவேளைகள் சேர்ந்தாற்போல் வரும். அதை வாங்க அவள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. வந்த தலைமையாசிரியைகள் ஒவ்வொருவரிடமும் மல்லுக்கட்டி, கடைசியில் கைவேலை டீச்சரின் காலில் விழாத குறையாகக் கெஞ்சி வாங்கியது. அந்த நேரத்தில் புத்தகத்தைத் திறக்கக் கூடாது. லேபின் நீள மேசைகளில் நாலு நாலு பேராக உட்கார வைத்து, முன்னால் கொஞ்சம் சாமான்களைக் கொட்டி, ஒரே ஒரு வேலையைச் சொல்லுவாள். பழைய செய்தித்தாளில் பாலம் கட்டு, அது ஒரு செங்கல்லைத் தாங்கணும். பலூன் காற்றில் ஓடுகிற வண்டி செய், அது அந்தச் சுவர் வரைக்கும் போகணும். எப்படி என்று மட்டும் அவளைக் கேட்கக் கூடாது. பாலம் பொத்தென்று விழும், வண்டி மேசைக்காலில் போய் முட்டிக்கொள்ளும், பிள்ளைகள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளும். இவள் கையைக் கட்டிக்கொண்டு ஜன்னலோரம் நிற்பாள். நாலைந்து தடவை விழுந்த பிறகு ஒருத்தி தாளை மடித்து மடித்துக் கொசுவமாக்கி, செங்கல்லை மேலே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்ப்பாள் பாருங்கள், அந்த முகத்தைப் பார்க்கத்தான் 'இழுத்துப்பார்' இத்தனை வருஷம் லேபின் மாடிப்படி ஏறினாள். கல்யாணம்கூடப் பண்ணிக்கொள்ளவில்லை. "எங்க வீட்டுப் பொண்ணு வெள்ளிக்கிழமையைக் கட்டிக்கிட்டா" என்று அவளுடைய அண்ணன் எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பான்.

வருஷத்தின் முதல் வேலை எப்போதும் தராசு. ஒரு ஸ்பிரிங், ஒரு பலகை, இரண்டு ஆணி, ஒரு நீளக் காகிதப் பட்டை, ஐந்து எடைக்கற்கள். ஒவ்வொரு கல்லின் தலையிலும் ஐம்பது கிராம் என்று வெள்ளைப் பெயிண்டில் எழுதியிருக்கும். "இதை வெச்சு ஒரு தராசு செய்ங்க. கடைசியில ஒரு உருளைக்கிழங்கு குடுப்பேன். அதோட எடையை யாரு சரியாச் சொல்றாங்களோ அவங்க ஜெயிச்சாங்க." பேச்சு அவ்வளவுதான். ஸ்பிரிங்கைத் தொங்கவிட்டு, கற்களை ஒவ்வொன்றாக மாட்டி, முள் எங்கே வந்து நிற்கிறது என்று பட்டையில் கோடு போட வேண்டும் என்பதைப் பிள்ளைகளே தட்டுத்தடுமாறிக் கண்டுபிடிக்கும். ஒரு கல்லுக்கு ஐந்து சென்டிமீட்டர் இறங்கும். இரண்டுக்குப் பத்து, மூன்றுக்குப் பதினைந்து.

அதில் ஒரு வில்லங்கம் வைத்திருந்தாள். ஐந்தில் ஒரு கல் பொய்க்கல். எழுதியிருப்பது ஐம்பது, இருப்பது நாற்பது. பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருந்த லேத் பட்டறையில் கொடுத்து, அடியில் குடைந்து, அதே நிறத் தகட்டால் மூடி வாங்கியது. "ஏம்மா, கடை கிடை வைக்கப் போறீங்களா?" என்று பட்டறைக்காரர் ஒரு மாதிரியாகப் பார்த்தார். "ஆமா, பள்ளிக்கூடத்துலதான் கடை" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

கோடு போடும்போது அந்தக் கல்லுக்கு மட்டும் முள் ஐந்துக்குப் பதில் நாலுதான் இறங்கும். பாதிப் பேர் கவனிக்கவே மாட்டார்கள். மீதிப் பேர் கவனித்துவிட்டும், கல்லில் எழுதியிருப்பதைச் சந்தேகப்படாமல், அந்த நாலுக்கும் ஐம்பது கிராம் என்றே கோட்டைப் போட்டுவிடுவார்கள். உருளைக்கிழங்கு காலை வாரிவிடும். ஆனால் ஏதோ ஒரு மேசையில் ஒருத்தி அப்படியே நின்றுபோவாள். கல்லைக் கழற்றுவாள், மாட்டுவாள், முன்னது பின்னது மாற்றுவாள். அப்புறம் ஜன்னலோரம் வந்து குசுகுசு என்று, "டீச்சர், இந்தக் கல்லு பொய் சொல்லுதோன்னு தோணுது" என்பாள்.

"கல்லு பொய் சொல்லுதா, ஸ்பிரிங் பொய் சொல்லுதா, இல்ல நீ பொய் சொல்றியா? மூணு பேரையும் விசாரிச்சுட்டு வா."

அந்தப் பிள்ளை விசாரித்துக்கொண்டு வரும். அதைத் தனியாகத் தொங்கவிட்டுப் பார்க்கும். பென்சில் மேல் அளவுகோலை வைத்து, இந்தப் பக்கம் ஒரு கல் அந்தப் பக்கம் ஒரு கல் என்று ஏற்றப் பார்க்கும். பெயிண்டில் எழுதியதை நம்பாமல் தன் கண்ணை நம்பிய அந்த ஒரு நிமிஷம்தான் இயற்பியல் என்று 'இழுத்துப்பார்' நினைத்தாள். மற்றதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறதே, படித்துக்கொண்டால் போகிறது.

இதில் ஒரு ஒப்பந்தமும் உண்டு. அந்த வகுப்பு முடிகிறபோது எல்லோரும் எழுந்து நின்று, அடுத்த வருஷத்துப் பிள்ளைகளிடம் மூச்சு விடுவதில்லை என்று சத்தியம் செய்ய வேண்டும். யாருமே உடைத்ததில்லை. அக்கா தங்கையிடம் சொன்னதில்லை, பக்கத்து வீட்டுக்காரி பக்கத்து வீட்டுக்காரியிடம் சொன்னதில்லை. ஊரில் எந்த ரகசியமும் ஒரு வாரம் தாங்காது, இது மட்டும் தாங்கியது. அவளுக்கு அதில் அவ்வளவு பெருமை.

அதே பள்ளிக்கூடத்தில் இளம் வாத்தியார் ஒருவன் இருந்தான். அவளை அக்கா அக்கா என்று சுற்றி வருவான். வகுப்பின் கடைசியில், உருளைக்கிழங்கை நிறுக்கிற கூச்சலில், செல்போனைத் தூக்கிக்கொண்டு வந்து படம் பிடிப்பான். அதனால் அவனுக்குப் பெயர் 'கேமரா'. கோடு போடுகிற நேரத்தில் ஒரு நாளும் வந்ததில்லை. அங்கே படம் பிடிக்க என்ன இருக்கிறது? நாலு பிள்ளைகள் குனிந்துகொண்டு முழிக்கும், அவ்வளவுதானே. 'கேமரா' கெட்டிக்காரன். பிடித்த படங்களைக் காட்டவேண்டியவர்களுக்குக் காட்டி, மளமளவென்று மேலே போய், எல்லாப் பள்ளிக்கூடங்களுக்கும் செய்முறைப் பெட்டி கொடுக்கிற திட்டத்துக்கே அதிகாரியாகிவிட்டான்.

ஒரு நாள் காரில் வந்து இறங்கினான். "அக்கா, உங்க தராசுப் பெட்டியைக் கொஞ்ச நாளைக்குக் குடுங்க. அதை மாதிரியா வெச்சு எல்லா ஸ்கூலுக்கும் அடிச்சுக் குடுக்கப் போறோம். இது நல்லபடியா நடந்துச்சுன்னா, உங்க வெள்ளிக்கிழமை மாதிரி எல்லா ஸ்கூலுக்கும் ரெட்டைப் பாடவேளை வாங்கித் தர்றது என் பொறுப்பு."

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. எல்லாப் பள்ளிக்கூடத்துக்கும் வெள்ளிக்கிழமை! பெட்டியைத் துடைத்துக் கையில் கொடுத்தாள்.

"இதுல ஏதாவது சொல்லணுமாக்கா?" என்று அவன் கேட்டான். கேட்காமல் இல்லை, அதையும் சொல்ல வேண்டும்.

நாக்கு நுனிவரை வந்தது. இத்தனை வருஷத்துச் சத்தியம் உள்ளே இழுத்துக்கொண்டது. அதோடு ஒரு குறும்பு. படித்தவன், அதே பாடம் நடத்தியவன், பெட்டி அவனிடம் பல நாள் இருக்கப் போகிறது. ஒரு தடவை தொங்கவிட்டுப் பார்த்தானானால் தெரிந்துபோகும். "இழுத்துப் பாரு, தெரியும்" என்றாள். அவன் பழைய ஜோக்கைக் கேட்டவன் போலச் சிரித்துவிட்டு, காரில் ஏறிப் போய்விட்டான்.

அவன் இழுத்துப் பார்க்கவில்லை. பெட்டி செய்கிற கம்பெனிக்காரர்கள் மட்டும் ஒழுங்காக ஒவ்வொரு கல்லையும் நிறுத்தார்கள். ஒன்று குறைகிறதே என்று போனும் போட்டார்கள். ஏதோ கூட்டத்தில் இருந்த 'கேமரா' முழுசாகக் கேட்காமலே, "மாதிரி எப்படியோ அப்படியே" என்று சொல்லி வைத்துவிட்டான். அவர்களும் அப்படியே வார்த்துத் தள்ளினார்கள். ஒவ்வொரு பெட்டியிலும் ஐந்து கல், ஐந்திலும் ஐம்பது என்ற எழுத்து, ஐந்தில் ஒன்று நாற்பது.

பச்சைப் பெட்டிகள் இவள் பள்ளிக்கும் வந்து இறங்கின. திறந்து கற்களை உள்ளங்கையில் ஒவ்வொன்றாக வைத்தாள். இத்தனை வருஷம் தொட்ட கை, நாலாவது கல்லில் காட்டிக்கொடுத்துவிட்டது. முதலில் சிரிப்புத்தான் வந்தது. லேபில் தனியாக உட்கார்ந்துகொண்டு வயிற்றைப் பிடித்துச் சிரித்தாள். பாவி, அப்படியேயா வார்த்து வைத்திருக்கிறான்! அப்புறம் பெட்டிக்குள் இருந்த கையேட்டைப் பிரித்தாள். ஸ்பிரிங்கை எந்த ஆணியில் மாட்ட வேண்டும், பட்டையை எங்கே ஒட்ட வேண்டும் என்று படிப்படியாகப் படம் போட்டு, கடைசியில் விடையும் அச்சடித்திருந்தார்கள். ஐந்து, பத்து, பதினைந்து, இருபது, இருபத்தைந்து. ஐந்து கல்லையும் தொங்கவிட்டால் முள் இருபத்துநாலில்தான் நிற்கும். தொங்கவிட்டுப் பார்க்காமல் யாரோ நாற்காலியில் உட்கார்ந்து யோசித்த விடை இருபத்தைந்து.

சிரிப்பு அடங்கிவிட்டது. அன்றைக்கே போனை எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. அவளுக்கு வேறொரு ஆசை வந்து உட்கார்ந்துகொண்டது. இத்தனை பள்ளிக்கூடம், இத்தனை பிள்ளைகள். எவளோ ஒருத்தி, எவனோ ஒருத்தன், எங்கேயாவது கண்டுபிடிக்காமலா போய்விடுவார்கள்? ஒரே நாளில் ஊர் முழுக்க, கல் பொய், கல் பொய் என்று பிள்ளைகள் கத்தப் போகிறார்கள் என்று காத்திருந்தாள். அதைக் கற்பனை செய்துகொண்டு தனக்குத்தானே சிரித்துக்கொண்டு பஸ்ஸில் போனாள் என்றால் பாருங்களேன்.

கண்டுபிடித்தது ஒருத்திதான். அதுவும் அவள் வீட்டிலேயே.

அண்ணனுக்குக் கண்ணாடிக் கடை. கண் பார்த்து மூக்குக்கண்ணாடி போட்டுக் கொடுப்பான். மாடியில் அண்ணன் குடும்பம், கீழே இவள். அண்ணன் மகளுக்கு வீட்டில் 'வாலு' என்று பெயர், வயது பதின்மூன்று, வேறு பள்ளிக்கூடம். அத்தை டீச்சராக இருக்கிற இடத்தில் படித்தால் செல்லம் கொடுத்துக் கெடுத்துவிடுவாள் என்று அண்ணி அங்கே சேர்த்திருந்தாள். அதனால் சத்தியமும் தெரியாது, பொய்க்கல்லும் தெரியாது.

ஒரு சாயங்காலம் பையைக்கூடக் கழற்றாமல் 'வாலு' ஓடி வந்தாள். மூச்சு வாங்கியது.

"அத்தை! ஒரு கல்லு பொய் அத்தை! ஐம்பதுன்னு எழுதியிருக்கு, ஐம்பது இல்ல. மத்ததெல்லாம் அஞ்சு இறங்குது, அது மட்டும் நாலு. நான் ஸ்கேலை பென்சில் மேல வெச்சுப் பார்த்தேன், அந்தப் பக்கம் எழும்பிடுச்சு!"

'இழுத்துப்பாரு'க்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. யாரும் சொல்லிக் கொடுக்காமல், கையேடு வேறு விடை சொல்லியும், தன் ரத்தம் ஒன்று பென்சிலை வைத்து விசாரித்திருக்கிறது! வாரி அணைத்துக்கொள்ளத்தான் கை எழுந்தது.

"டீச்சர்கிட்ட சொன்னியா?"

முகம் சுண்டிப்போனது. "சொன்னேன். 'மேலேர்ந்து வந்த கல்லு பொய், நீ மட்டும் அரிச்சந்திரனா'ன்னு கேட்டாங்க. எல்லாரும் சிரிச்சாங்க. மத்தவங்கல்லாம் முள்ளைக் கொஞ்சம் கீழே இழுத்துப் பிடிச்சுக்கிட்டு இருபத்தஞ்சுன்னு காட்டிட்டாங்க அத்தை. டீச்சரே, 'லேசாத் தட்டிவிடு, வந்துடும்'னு சொல்லிக் குடுத்தாங்க. நான் மாட்டேன்னுட்டேன். நாளைக்கு அப்பாவைக் கூட்டிட்டு வரணுமாம்." நிறுத்தி, இவள் முகத்தையே பார்த்தாள். "நான் சொன்னது சரிதானே அத்தை?"

சரி என்று ஒரு வார்த்தை. அதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் அதற்கு முந்தின நாள்தான் 'கேமரா' போன் செய்திருந்தான். மாதக் கடைசியில் மேலிடத்துக் கூட்டம், அதில்தான் இரட்டைப் பாடவேளை முடிவாகும், உங்களையும் மேடையில் உட்கார வைக்கப் போகிறேன் என்று சொல்லியிருந்தான். அது குறுக்கே வந்து நின்றது. "இரு, விசாரிச்சுட்டுச் சொல்றேன்" என்றாள். விசாரிக்க என்ன இருந்தது? அந்தக் கல்லுக்கு ஓட்டை போட்டதே அவள்தானே.

மாடிக்கு அனுப்பிவிட்டு, நேரே 'கேமரா'வின் அலுவலகத்துக்குப் போனாள். விஷயத்தைக் கேட்டதும் அவன் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தான்.

"அக்கா, என் வயித்துல அடிச்சுட்டீங்களே. குடுக்கும்போதே சொல்லியிருக்கக் கூடாதா?"

"நீ ஒரு தடவை இழுத்துப் பார்த்திருக்கக் கூடாதாப்பா?"

"எனக்கு அதுக்கெல்லாம் எங்கக்கா நேரம்?" தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். "சரி, போனது போச்சு. இப்ப வெளியே தெரிஞ்சா என்ன ஆகும்னு பாருங்க. பெட்டி தப்புன்னு திட்டத்தையே இழுத்து மூடிடுவாங்க. ரெட்டைப் பாடவேளையும் அதோட போச்சு. எவ்வளவு பிள்ளைங்க விஷயம் இது! உங்க அண்ணன் பொண்ணு ஒருத்திதானே? இந்த மாசம் முடியற வரைக்கும் பொறுத்துக்கட்டும். கூட்டம் முடிஞ்சதும் நானே திருத்தி வேற கல்லு அனுப்பிடறேன், போதுமா?"

பெரிய காரியம் என்று ஒன்று வந்துவிட்டால், சின்னப் பிள்ளையைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்வதுதானே பெரியவர்கள் வழக்கம். எல்லாப் பள்ளிக்கூடத்துக்கும் வெள்ளிக்கிழமை கிடைக்கும் என்றால் ஒரு பிள்ளை கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளட்டுமே, அப்புறம் சொல்லிப் புரிய வைத்துக்கொள்ளலாம் என்று அவள் மனசு கணக்குப் போட்டது. தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டாள்.

மறுநாள் காலையில் அண்ணன், பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில் மகளைக் கடைக்குக் கூட்டிப் போய் நாற்காலியில் உட்கார வைத்தான். "பொண்ணுக்கு அளவு சரியாத் தெரியலையோ என்னவோ" என்று டீச்சர் போனில் சொல்லியிருந்தாளாம். ஒரு கண்ணை மூடி, மறு கண்ணை மூடி, எழுத்து அட்டையைப் படிக்கச் சொன்னான். 'வாலு' கடைசி வரிசை வரைக்கும் படித்து, அதற்குக் கீழே அட்டை அச்சடித்தவன் பெயரையும் படித்துவிட்டாள்.

"கண்ணு பளிங்கு மாதிரி இருக்கு" என்றான் அப்பன். "அப்ப திமிருதான்."

கடையிலிருந்து போனவள் நேரே பள்ளிக்கூடம் போகவில்லை, பாதி வழியில் அப்பன் கையை உதறிக்கொண்டு வீட்டுக்கு ஓடி வந்துவிட்டாள். இவள் வாசலைப் பூட்டிக்கொண்டு கிளம்புகிற நேரம். "அத்தை, நீங்க வந்து சொல்லுங்களேன். நீங்க சொன்னா கேப்பாங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். பின்னாலேயே மூச்சிரைக்க அண்ணன் வந்து நின்றான். பிள்ளையின் கை சில்லென்று இருந்தது.

"இப்பப் போய் சாரின்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துடும்மா" என்றாள் 'இழுத்துப்பார்'. "மத்ததை அப்புறம் பேசிக்கலாம்."

'வாலு' கையை விட்டாள். அழவில்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை. அப்பனுக்கு முன்னால் விறுவிறு என்று நடந்து போனாள்.

அன்று சாயங்காலம் அண்ணன் வந்து, ஒரு வழியாக முடித்துவிட்டேன் என்று காப்பியைக் குடித்துக்கொண்டே சொன்னான். வகுப்புக்கு முன்னால் நிற்க வைத்து, ஐந்து கல்லையும் மாட்டி, முள் எங்கே இருக்கிறது என்று கேட்டார்களாம். முதல் தடவை இருபத்துநாலு என்றாளாம். நல்லாப் பார் என்றார்களாம். மறுபடியும் இருபத்துநாலு. இவன் கையை ஓங்கினானாம். மூன்றாவது தடவை இருபத்தைந்து என்றாளாம். வகுப்பே கை தட்டியதாம். "பிள்ளைங்களுக்குக் கொஞ்சம் பயம் வேணும்" என்று அண்ணன் சொன்னான். தங்கை டம்ளரை வாங்கிக் கழுவப் போனாள்.

அந்த மாதம் முழுக்க 'வாலு' கீழே வரவில்லை. பரீட்சை என்றாள், தலைவலி என்றாள். படிக்கட்டில் எதிர்ப்பட்டால் நல்ல பிள்ளையாகச் சிரித்துவிட்டுப் போனாள். அந்தச் சிரிப்புக்கு முன்னால் 'இழுத்துப்பாரு'க்கு வாய் திறக்க வரவில்லை. கூட்டம் முடியட்டும், முடிந்ததும் முதல் வேலை இதுதான் என்று தினமும் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

கூட்டம் வந்தது. ஏ.சி. ஓடுகிற பெரிய மண்டபம். மேடையில் ஓரத்து நாற்காலி அவளுக்கு. மாதிரி கொடுத்த அவள் பள்ளியைத் தவிர, ஒவ்வொரு பள்ளிக்கூடத்திலிருந்தும் வந்த முடிவுகளைத் திரையில் போட்டார்கள். இருபத்தைந்து. இருபத்தைந்து. இருபத்தைந்து. ஒரு பள்ளிக்கூடம் விடாமல், ஒரு மேசை விடாமல், எல்லா இடத்திலும் இருபத்தைந்து. ஒரே ஒரு புகார்கூட வரவில்லை என்று 'கேமரா' மைக்கில் சொன்னபோது மண்டபம் கை தட்டியது. அவள் திரையில் இருந்த எண்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். இல்லாத ஒரு சென்டிமீட்டரை இத்தனை பிள்ளைகளும் எங்கிருந்து கொண்டு வந்தார்கள்? எத்தனை விரல் அந்த முள்ளைத் தட்டியிருக்கும்!

நடுவில் உட்கார்ந்திருந்த பெரிய அதிகாரி எழுந்தார். பிரமாதம் என்றார். எல்லோரும் ஒரு பாடவேளைக்குள்ளேயே முடித்துச் சரியான விடையும் கொண்டுவந்திருப்பதால், இரட்டைப் பாடவேளைக்கு இனி அவசியமே இல்லை என்றார். சில இடங்களில் பழைய வழக்கமாக நடக்கிற இரட்டைப் பாடவேளைகளையும் அடுத்த மாதத்திலிருந்து எடுத்துவிடலாம், பிள்ளைகளுக்குப் படிக்க நேரம் கிடைக்கும் என்றார். அதற்கும் கை தட்டினார்கள். 'கேமரா' அவள் பக்கம் திரும்பவே இல்லை.

அவள் எழுந்து நின்றுவிட்டாள். மைக் இல்லை. "அந்தக் கல்லு பொய்ங்க. அஞ்சுல ஒண்ணு நாற்பது கிராம்தான். இருபத்தஞ்சு வரவே முடியாது. நான்தான் செஞ்சு வெச்சேன். யாராவது ஒரு பெட்டியைத் திறந்து மாட்டிப் பாருங்க, இழுத்துப் பாருங்க!"

பெரிய அதிகாரி 'கேமரா'வைப் பார்த்தார். 'கேமரா' குனிந்து அவர் காதில் ஏதோ சொன்னான். அவர் முகம் கனிந்துவிட்டது.

"எல்லாப் பிள்ளைங்களும் சரியாக் கொண்டு வந்திருக்காங்களேம்மா. அத்தனை பேருமா தப்பாப் பார்த்திருப்பாங்க?" என்று பரிவோடு கேட்டார். "உங்க வகுப்பு போகுதேன்னு உங்களுக்கு வருத்தம். புரியுது. இந்த வயசுல எல்லாருக்கும் வர்றதுதான். உட்காருங்க, டீ சாப்பிடுங்க."

மேடையிலேயே ஒரு பச்சைப் பெட்டி அலங்காரத்துக்கு வைத்திருந்தார்கள். அதைத் திறக்க ஒருவருக்கும் கை வரவில்லை. டீ வந்துவிட்டது.

மண்டபத்திலிருந்து வெளியே வந்தபோது அந்தப் பெட்டி அவள் கையில் இருந்தது. யாரையும் கேட்காமல் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். வீட்டுக்கு வந்ததும் கீழே நிற்காமல் நேரே மாடி ஏறினாள். 'வாலு' சாப்பாட்டு மேசையில் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உள்ளே அண்ணி ஏதோ தாளித்துக்கொண்டிருந்தாள். இவள் பலகையைச் சுவரில் சாய்த்து, ஸ்பிரிங்கை மாட்டி, பட்டையை நேராக்கி, ஐந்து கற்களையும் ஒவ்வொன்றாகக் கோர்த்தாள். ஆட்டம் நிற்கும்வரை கையை எடுத்துக்கொண்டு தள்ளி நின்றாள்.

"படிச்சுச் சொல்லு கண்ணு."

'வாலு' தலையைத் தூக்கி ஒரு பார்வை பார்த்தாள். "இருபத்தஞ்சு."

"நல்லாப் பாரும்மா. கிட்ட வந்து பாரு."

"இருபத்தஞ்சு அத்தை."

"இல்லடா. இருபத்துநாலு. நீ சொன்னதுதான் சரி. கல்லுதான் பொய். அந்த ஸ்கூல்ல, இந்த ஊருல, எங்கேயும் ஒருத்தரும் சரியாப் பார்க்கல, நீ ஒருத்திதான் பார்த்தே." முள்ளை விரலால் சுட்டினாள். "உன் கண்ணை நம்பு. யாரு என்ன சொன்னாலும் உன் கண்ணை நம்பு."

'வாலு' கொஞ்ச நேரம் அத்தையைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால்கூடத் தாங்கிக்கொண்டிருக்கலாம். கணக்கில் ஏதோ விட்டுப்போனதைச் சரி பார்க்கிற மாதிரிப் பார்த்தாள்.

"நான் வந்து கேட்டேனே, அன்னைக்கே உங்களுக்குத் தெரியுமா அத்தை?"

ஒரு நொடி பொய் வாய்வரை வந்தது. சொல்லவில்லை. "தெரியும்."

"ஓ."

'வாலு' எழுந்து வந்தாள். கற்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, பெட்டிக்குள் அதனதன் குழியில் வைத்து, மூடியை அழுத்தி மூடி, அத்தையின் கையில் கொடுத்தாள்.

"இருபத்தஞ்சாவே இருக்கட்டும் அத்தை. எனக்கு அதுல முழு மார்க் போட்டுட்டாங்க" என்றாள்.

பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, இயற்பியல் புத்தகத்தில் விட்ட இடத்திலிருந்து சத்தமாக மனப்பாடம் செய்யத் தொடங்கினாள்.